பேர் கேட்காத பக்கம்

7 மார்ச் 2006
ஷூ கம்பெனிக்கு வெப்சைட் போட்டாயிற்று. யார் பார்க்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை. வருகிறவர்களைக் கண்டுபிடிக்க ஏதாவது ஏற்பாடு பண்ணு என்று மேனேஜர் நத்தானியேல் சார் என்னிடம் சொன்னார். ஏற்றுமதிக் கடிதம் தட்டுகிறவளுக்கு இப்படி ஒரு வேலை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

10 மார்ச்
இலவசமாகவே இரண்டு கிடைத்தன. ஒன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் பக்கத்தின் அடியில் காட்டும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. எந்த இணைப்பு, எந்தப் பக்கம், எந்த நேரம், எந்த மாதிரி கம்ப்யூட்டர் — எல்லாம் சொல்லிவிடும். அதையே எடுத்தேன். தெரிவது முழுசாகத் தெரியட்டுமே.

14 மார்ச்
எல்லாப் பக்கத்திலும் ஒட்டி முடித்தேன். சாயங்காலம் ஜெர்மனியிலிருந்து யாரோ பார்த்தது திரையில் வந்தது. சார் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டார். எப்படிப் படிப்பது என்று பக்கத்தில் நின்று நானே சொல்லிக்கொடுத்தேன்.

3 ஏப்ரல்
ஷூ வாங்குகிற ஜெர்மன் பார்ட்டி கேட்டதால் வெப்சைட்டில் தொழிலாளர் புகார் பக்கம் சேர்த்தோம். பேர் சொல்லத் தேவையில்லை என்று மேலே பெரிதாகப் போட்டேன்.

19 ஏப்ரல்
சாம்பிள் ரூம் பில்கிஸோடு டீ. தையல் செக்‌ஷனில் மத்தியானம் வரை பெண்கள் பாத்ரூமைப் பூட்டி வைக்கிறார்களாம். அடக்கி அடக்கி ஒருத்திக்கு நீர்க்கடுப்பு, ஜுரம். புகார் பக்கத்தில் எழுது, பேரே கேட்காது என்றேன்.

21 ஏப்ரல்
எழுதிவிட்டாள். புகார் நேரே ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து கேள்வி வந்துவிட்டது. சார் கதவைச் சாத்திவிட்டு யார் எழுதியது என்று கேட்டார். பேர் இல்லையே சார் என்றேன். கத்தவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். புகார் பக்கத்தைத் திறந்தது நம்ம கம்பெனி இணைப்பு. விண்டோஸ் 98.

"பழைய மிஷின் சாம்பிள் ரூம்ல மட்டும்தானேம்மா இருக்கு?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாயே வரல. பேசாம இருந்தா போதும்னு நெனச்சேனா? இன்னா ஜென்மம் நான்.

22 ஏப்ரல்
பில்கிஸை நிறுத்திவிட்டார்கள். சாம்பிளில் தப்பு பண்ணினாளாம்.

23 ஏப்ரல், ஞாயிறு
சர்ச்சில் காணிக்கைப் பை கொண்டுவந்தது நத்தானியேல் சார். அம்மா உடம்பு எப்படி என்று விசாரித்தார்.

24 ஏப்ரல்
பில்கிஸ் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. எப்படிப் பிடித்தார்கள் என்று சார் அவளிடமே சொல்லியிருக்கிறார். நான் காட்டிக்கொடுக்கவில்லை என்றேன்.

"தெரியும் கெசியா. எழுதுன்னு சொன்னது நீ. எல்லாத்தையும் பார்க்கிறத வெச்சதும் நீ. நடுவுல எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

அது ஞாபகத்துலயே வரலடி. சத்தியமா. — இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் கேவலம்.

2 மே
காலையில் அந்தக் கண்ணுக்குத் தெரியாததை எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்துப் போட்டேன். மத்தியானத்துக்குள் சார் சென்னை ஆளை வைத்துத் திரும்பப் போட்டுவிட்டார். பாஸ்வேர்டும் மாறிவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலையை விடலாம். அம்மா மருந்துக்கு?

16 ஜூன்
ஜெர்மன் பார்ட்டியிலிருந்து ஆடிட்டர் வந்தார். பாத்ரூம் திறந்திருந்தது, சோப்புகூட வைத்திருந்தார்கள். ஏப்ரலுக்கு அப்புறம் ஒரு புகார்கூட வரவில்லையே என்று சார் புகார் பக்கத்தைத் திரையில் காட்டினார். ஆடிட்டருக்குத் திருப்தி. எல்லாம் இந்தப் பெண் பண்ணிய ஏற்பாடு என்று சார் என்னைக் காட்டினார்.

எழுந்து நின்று வணக்கம் சொன்னேன்.