பதினொரு பேரின் கார்ட்

நெடுந்தீவு கிழக்கு,
18.02.2025

அன்பு மகள் வதனிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நாலு மாடும் ஆண்டவர் காவலில் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகனும் குட்டியும் அந்தப் பனிக்குள் தடிமன் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறேன். போன் இருக்க இந்த மனுசி ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொல்லத் தொடங்கினால் நீ இடையில் சிரிப்பாய், பிறகு குட்டி அழுவாள், பிறகு லைன் அறுந்துவிடும், முழுக்கதையும் உனக்கு வந்து சேராது. சுமித்திரா ரீச்சரின் தங்கச்சி சனிக்கிழமை ஒஸ்லோவுக்குப் பறக்கிறாள், அவளிடம் பனங்கிழங்கு காயவைத்துச் செய்த ஒடியல் மாவும் புழுக்கொடியலும் குட்டிக்கு ஒரு பட்டுப் பாவாடை சட்டையும் கொடுத்துவிடுகிறேன். பாவாடையைக் குட்டிக்குப் போடுவதற்கு முன் இந்தக் கடிதத்தை வாசி, ஏனென்றால் அந்தப் பாவாடையால் உன் அம்மா இந்தத் தீவில் கள்ளி என்று பெயர் வாங்கப் பார்த்தாள்.

நான் கிழமையில் இரண்டு நாள் முதல் படகில் குறிகட்டுவானுக்குப் போய், பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய்வருவது உனக்குத் தெரியும். சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போகத் தொடங்கிய காலத்தில், போகிற போக்கில் எங்களுக்கும் காசு எடுத்து வா என்று ஒருவர் கார்ட் தந்தார், பிறகு இரண்டு பேர், பிறகு பத்துப் பேர். இங்கத்தைய காசு இயந்திரம் வேலை செய்கிற நாளைவிடப் படுத்துக் கிடக்கிற நாள்தான் கூட. கார்ட்டைத் திருப்பிக் கொடுத்துத் திருப்பி வாங்குவது கரைச்சல் என்று எல்லாம் எங்கள் அலுமாரிக்குள்ளேயே கிடந்தது, நீ எங்களுக்குக் காசு அனுப்புகிற உன்னுடைய கார்ட்டோடு சேர்த்துப் பதினொன்று, ஒரு றப்பர் பாண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தேன். ஆனால் பதினொரு இரகசிய இலக்கத்தை இந்த மண்டைக்குள் எப்படி வைத்திருப்பது? இவருடையதை அவருக்கு அடித்து ஒருமுறை இயந்திரம் கார்ட்டை விழுங்கியும் விட்டது. அதற்குப் பிறகு நான் ஒரு புத்தி சொன்னேன், எல்லாரும் அந்தோனியார் திருநாளையே இலக்கமாக வையுங்கள், பதின்மூன்றாம் திகதி, ஆறாம் மாதம், ஒருவருக்கும் மறக்காது என்று. வேதக்காரர் மட்டுமில்லை, பக்கத்து வளவுச் சைவக்காரரான குழந்தைவேலு அண்ணை கூட, அந்தோனியார் காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர்தானே, என்ர காசையும் பார்த்துக்கொள்ளுவார் என்று சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். நீ இப்போது தலையில் கை வைப்பாய், வை வை, வங்கிக்காரியும் அப்படித்தான் வைத்தாள்.

தை மாதக் கடைசித் திங்கள் கிளினிக் முடிந்து பெரிய கடைக்குப் போனேன். குட்டிக்குப் பாவாடை, அப்பாவுக்கு ஒரு தேத்தண்ணிப் போத்தல், இன்னும் சில சாமான். ஒரு கையில் மருந்துப் பை, மறு கையில் சாமான், காசு கட்டுகிற இடத்தில் நிற்கிற பெட்டை, அம்மா கார்ட்டை உள்ளே போட வேண்டாம், இதில தொட்டால் காணும் என்றாள். உன் கார்ட்டைத் தனியாக இழுத்தெடுக்க இன்னொரு கை இல்லை, கட்டோடு தூக்கி இயந்திரத்தில் வைத்தேன். கீச்சென்று ஒரு சத்தம், அலுவல் முடிந்தது, இலக்கம் கூடக் கேட்கவில்லை. எவ்வளவு என்றுகூடப் பார்க்காமல் பில்லை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, காலம் எப்படி மாறிவிட்டது என்று பெருமையோடு படகேறி வந்தேன்.

அடுத்த நாளிலிருந்து குழந்தைவேலு அண்ணை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவருடைய மனுசி அன்னமுத்து அக்கா செத்த இந்த நாலு வருசத்தில் அந்த மனிதர் பின்னேரத் தேத்தண்ணியை எங்கள் குசினி வாசலில் குடிக்காத நாள் இல்லை, உனக்குத் தெரியும். மூன்றாம் நாள் சுமித்திரா ரீச்சர்தான் மெல்லச் சொன்னாள், அவருடைய போனுக்கு வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் செய்தி வந்ததாம், வாசித்துச் சொல்லச் சொன்னாராம், யாழ்ப்பாணத்தில் ஏதோ ஒரு கொம்பனி பெயரில் திங்கட்கிழமை பதினொன்றரைக்கு அவருடைய கார்ட்டில் காசு போயிருக்கிறதாம். திங்கட்கிழமை பதினொன்றரைக்கு யாழ்ப்பாணத்தில் அவருடைய கார்ட்டோடு நின்றது யார் என்று இந்தத் தீவில் மாட்டைக் கேட்டாலும் சொல்லும். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அண்ணை, நான் களவெடுத்தனானோ என்று கத்தினேன். அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே, நான் உம்மைக் கள்ளி எண்டு சொல்லேல்லை மரியநாயகி, என்ர கார்ட் உம்மட கையில இருக்கேக்குள்ள காசு போயிருக்கு, அதைத்தான் சொல்லுறன் என்றார். அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எவ்வளவு போனது என்று ஒரு சொல் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் வெளித்திருக்கும், ஆனால் உன் அம்மாவின் வாய் எப்போது கேட்டது, சொல்லத்தானே தெரியும்.

அந்தக் கிழமை நான் சாப்பிட்டது பாதி, அழுதது மீதி. ஆறு வருசமாக ஒரு சதம் பிசகாமல் கொண்டுவந்து கொடுத்தவளை, தண்ணிப் பைப்படியில் கண்டதும் பெண்கள் கதையை நிறுத்தினார்கள், மகள். கார்ட் தந்த மற்ற ஒன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, சும்மா ஒருக்கால் பார்ப்பம் எண்டு கார்ட்டைக் கேட்டார்கள். அப்பா வலை பின்னிக்கொண்டு, இஞ்சேரப்பா, எவ்வளவெண்டாலும் அந்தாளுக்குக் குடுத்துப்போட்டுச் சும்மா இரு என்றார். கொடுத்தால் எடுத்தேன் என்றாகிவிடாதோ? காசு பெரிதில்லை, காசு உழைக்கலாம், இந்த வயதில் பெயரை எங்கே போய் உழைக்கிறது? ஒருவருடைய கார்ட்டையும் கொடுக்க மாட்டேன், வங்கிக்காரர் சொல்லட்டும், பிறகு தருகிறேன் என்று சொல்லிவிட்டு, குழந்தைவேலு அண்ணையையும் வரச்சொல்லிப் படகேறினேன். அவர் படகின் முன் அணியத்தில், நான் பின்னால். நாலு வருசத்துக்குப் பிறகு அந்த மனிதர் கடல் கடக்கிறார், அதுவும் என்மேல் முறைப்பாடு கொடுக்க.

வங்கியில் லக்சிகா என்றொரு பிள்ளை, ஊர்காவற்றுறைப் பிள்ளையாம், மரியாதையாகக் கதிரை போட்டு இருத்திப் படிவம் ஒன்றை எடுத்தாள். முதற்கேள்வியே, ஐயா, கார்ட்டையோ பின் நம்பரையோ வேற ஆருக்கும் குடுத்தனீங்களோ என்பதுதான். கொடுத்திருந்தால் அது கார்ட் வைத்திருப்பவரின் பிழை, நட்டத்தை வங்கி பொறுக்காது, கொடுக்கவில்லை என்றால் விசாரித்துப் பார்த்துக் காசு திரும்ப வர வழி இருக்கிறது, கார்ட் வாங்கும்போது கையெழுத்து வைத்த தாளிலேயே இது எழுதியிருக்கிறது என்று விளங்கப்படுத்தினாள். எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள், வாசித்தவர் யார்? குழந்தைவேலு அண்ணை முகட்டைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இல்லைப் பிள்ளை, நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை என்றார். கோயில் வாசலில் நிறுத்திச் சத்தியம் வாங்காமலே உண்மை பேசுகிற வாய் அது. கொடுத்தேன் என்று சொன்னால் அந்தத் தாளில் என் பெயர் ஏறிவிடும் என்றுதான் அப்படிச் சொன்னார், என்னைக் கள்ளி என்று நினைத்துக்கொண்டே என்னைக் காப்பாற்றப் பார்த்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஓம் பிள்ளை, குடுத்தவர், எனக்குத்தான் குடுத்தவர், அவர் மட்டுமில்லை, எல்லாரும் தந்தவை, எல்லாருக்கும் ஒரே நம்பர்தான், அந்தோனியார் திருநாள் என்று சொல்லி அந்தக் கட்டைத் தூக்கி மேசையில் வைத்தேன். வங்கியே திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளை இரண்டு கையையும் தலையில் வைத்தாள்.

நல்ல காலம், கெட்டிக்காரப் பிள்ளை. அண்டைக்கு நீங்கள் வாங்கின சாமானுக்குப் பில் இருக்கோ அம்மா என்று கேட்டாள். பையைக் கொட்டினேன், கிளினிக் துண்டுகளுக்குள் கசங்கிக் கிடந்தது. நாலாயிரத்து எண்ணூறு, பதினொன்றரை மணி, வங்கிக் கணக்கிலும் அதே தொகை, அதே நேரம், பில்லின் அடியில் கார்ட்டின் கடைசி நாலு இலக்கம். உன் கார்ட்டின் இலக்கம் இல்லை வதனி, குழந்தைவேலு அண்ணையுடையது! அந்தக் கட்டின் வெளிப்பக்கம் இருந்தது அவருடைய கார்ட், இயந்திரம் அதைப் பிடித்துவிட்டது. சின்னத் தொகைக்குத் தொட்டால் போதும், இலக்கம் கேட்காதாம், அவசரக்காரருக்காக வைத்த வசதியாம். கடையின் பலகையில் ஒரு பெயர், வங்கியில் பதிந்த கொம்பனிப் பெயர் வேறொன்று, அதனால்தான் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆக ஊர் முழுக்க நான் எடுக்கவில்லை என்று கத்தித் திரிந்த நான்தான் எடுத்தவள். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. குழந்தைவேலு அண்ணையோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், அப்ப ஒஸ்லோவில பேத்தி என்ர காசிலதான் பாவாடை கட்டப்போறாளோ என்று. வேண்டாம் வேண்டாம் என்று சொன்னவரின் கையில் காசைத் திணித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு அந்தப் பிள்ளை, இதுக்குள்ள உங்கட கார்ட் எது அம்மா என்று கேட்டாள். நான் உன்னுடையதைக் காட்டினேன். இது உங்கட மகளின்ர, உங்கட எது என்று திருப்பிக் கேட்டாள். எனக்கென்று ஒரு கார்ட்டும் இருக்கவில்லை. தாயென்றாலும் மகளின் கார்ட்டைப் பாவிக்கக் கூடாதாம். அன்றைக்கே என் பெயரில் கணக்குத் திறந்துவிட்டாள், கார்ட்டும் வந்துவிட்டது, ஆங்கிலத்தில் என் பெயர் பொறித்து மினுமினு என்று இருக்கிறது, அப்பா இரண்டு தரம் வாங்கிப் பார்த்தார். இனி என் பெயருக்கே அனுப்பு. என் இலக்கம் என்னவென்று கேட்காதே, சொல்ல மாட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நின்று நானே எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தார்கள், பைப்படியில் கதையை நிறுத்தியவள் வந்து கட்டிப்பிடித்தாள், நானும் ஒரு முறைப்பு முறைத்துவிட்டுக் கட்டிப்பிடித்தேன். ஆளாளுக்குக் கார்ட்டைக் கொடுத்து, நம்பரை மாத்துங்கோ, எனக்கும் சொல்லாதையுங்கோ, காசு வேணுமெண்டால் என்னோட படகேறுங்கோ என்றேன். நடக்க ஏலாத ஆட்களுக்கு என்ன முறை என்று பங்குச் சுவாமி வங்கியோடு கதைக்கிறார். அப்பாவும் மாறிவிட்டார், மீன் பெட்டியில் அந்தக் கட்டம் கட்டமான கியூஆர் தாளை ஒட்டியிருக்கிறார், போனைக் காட்டினால் காசு வந்துவிடுமாம், ஆனால் மேலே செதில் ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொருவருக்கும் துடைத்துத் துடைத்துக் காட்ட வேண்டும். நீ கைமணிக்கூட்டைக் காட்டிக் காசு கட்டுகிறாய் என்று மருமகன் சொன்னார், கண்ட இடத்தில் அதைக் கழற்றி வைக்காதே. குட்டியின் கையில் போனைக் கொடுக்காதே. வங்கியிலிருந்து கதைக்கிறோம், போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும், எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் சொல்லாதே.

நேற்றுத்தான் எல்லாருமாகப் போனோம், படகில் ஒரு திருநாள் கூட்டம் போல. காசு இயந்திரத்துக்கு முன்னால் குழந்தைவேலு அண்ணையின் முறை வந்தது. புது இலக்கத்தைத் தானே வைத்தவர், அங்கே போய் நின்றதும் மறந்துவிட்டார். ஒருதரம் பிழை, இரண்டாம் தரமும் பிழை, மூன்றாவதும் பிழைத்தால் கார்ட் போய்விடும், பின்னால் வரிசையில் ஆட்கள். வேர்த்துக் கொட்டத் திரும்பி என்னைப் பார்த்து, மரியநாயகி, நான் என்ன நம்பர் வைச்சிருப்பன் என்று கேட்டார். அந்த மனிதர் வேறு எதை வைத்திருப்பார் என்று எனக்கு உடனே விளங்கியது. அண்ணை, நம்பரை நினையாதையுங்கோ, அன்னமுத்து அக்காவை நினையுங்கோ என்று சொல்லிவிட்டு நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பிறகு நாலு தரம் கீச்சென்றது, பிறகு காசு எண்ணுகிற சத்தம். வெளியே வந்தவர் காசை மடியில் செருகிக்கொண்டு என் காதருகே குனிந்து, அது அவளும் நானும் முதன்முதல் என்று தொடங்கினார். ஐயோ அண்ணை, சொல்லாதையுங்கோ என்று நான் இரண்டு காதையும் பொத்தினேன். இருவரும் நடுத்தெருவில் நின்று சிரித்தோம், கண்ணும் கலங்கிவிட்டது. கேட்கக் கூடாதுதான் மகள், ஆனால் எனக்குச் சொல்ல வந்தாரே, அது போதும் எனக்கு.

உன் கார்ட்டை நாலு துண்டாக வெட்டிவிட்டேன். ஆனால் வெட்டினால் மட்டும் போதாதாம், கார்ட்டுக்குச் சொந்தக்காரியே வங்கிக்கு அறிவித்து நிறுத்த வேண்டுமாம், கடிதம் கிடைத்த அன்றே செய், மறந்து போகாதே. குட்டி பாவாடை கட்டின படத்தை அனுப்பு, குழந்தைவேலு அண்ணை நாளுக்கு மூன்று தரம் கேட்கிறார். அந்தோனியாரும் மாதாவும் உங்கள் மூன்று பேரையும் தங்கள் சேலைக்குள்ளும் அங்கிக்குள்ளும் பொத்தி வைத்திருக்கட்டும். அப்பாவின் முத்தங்கள் குட்டிக்கு.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
இ. மரியநாயகி