கையால் கேட்ட கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

ஒரு பெரியவர் கடையிலிருந்த மூக்குக்கண்ணாடி பிரேம்களையெல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டு, முதலில் எடுத்ததையே வாங்கிப் போனார். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்குத் தனியாகப் பொறுமை வரம் வேண்டியதில்லை.

மாலையில் பாஸ்டர் போன். ஞாயிறு ஆராதனைக்கு மேயர் வருகிறாராம். குரலில் கல்யாண வீட்டுக் களை. "சைகை பண்றது நீதானேம்மா, பளிச்சுனு வா." காது கேளாத எங்கள் முன்வரிசைக்குப் பிரசங்கத்தைச் சைகையில் சொல்வது என் வேலை.

மார்ச் 6, வியாழன்

கணக்கு டீச்சர் கடைக்கு வந்தார். முன்வரிசையின் ராணி. மேயர் வருவதைச் சொன்னதும் விரல்கள் பறந்தன. சர்ச் வாசலில் இருந்த பாதசாரி சிக்னலை ரோடு அகலப்படுத்துவதற்காகப் பிடுங்கினார்கள். வேலை முடிந்ததும் திரும்ப வைப்பதாகச் சொன்னவர் இதே மேயர். ரோடு முடிந்து மாதக்கணக்காகிறது. ஹார்ன் கேட்காதவர்கள் எதை நம்பித் தாண்டுவது?

"நேரிலேயே கேட்கப்போகிறேன்" என்றார், கையால். கேட்டால் சத்தமாகச் சொல்ல வேண்டியவள் நான்.

மார்ச் 8, சனி

பாடல் ஒத்திகை முடிந்ததும் பாஸ்டர் தனியாகக் கூப்பிட்டார். "டீச்சர் கை தூக்கினா, நீ கவனிக்காத மாதிரி இருந்துடும்மா. மேயரை அந்த நாற்காலில வெச்சது ஆண்டவர். வந்த இடத்துல மடக்கக் கூடாது."

தலையாட்டிவிட்டு வந்தேன். என் கணவருக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்த மனிதர். அவர் சொன்னால் எதற்கும் சரி என்பேன். இதற்குமா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கண்ணாடிக் கடைக்காரி கண்ணு தெரியாத மாதிரி நடிக்கப்போறியா?" என்று சிரித்தார்.

ஜெபித்தேன். வானத்திலிருந்து குரலொன்றும் வரவில்லை. ஆனால் ஒன்று உறுத்தியது — ஆண்டவர் உட்கார வைத்தவர் என்றால், ஆண்டவருடைய பிள்ளைகள் அவரிடம் கேட்கலாம்தானே? எனக்கு இருப்பது மரியாதையா, பயமா? சீ, பயம்தான்.

மார்ச் 9, ஞாயிறு

மேயர் அழகாகப் பேசினார். 'உங்கள் சகோதரன்' என்று அடிக்கடி சொன்னார். சைகை செய்தே என் கை வலித்தது. முடிக்கும் முன் டீச்சர் எழுந்து கையைத் தூக்கினார். பாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என் குரல் எனக்கே கேட்டது:

"ஐயா, டீச்சர் கேக்கறாங்க. சிக்னலைத் திரும்ப வைக்கறேன்னு சொன்னீங்க. எப்ப வைப்பீங்க?"

மேயர் புன்னகைத்தார். "அதுக்குக் கமிட்டி போட்டிருக்கோம்மா."

டீச்சரின் விரல்கள். நான்: "கமிட்டில யாராவது இந்த ரோட்டை நடந்து தாண்டியிருக்காங்களான்னு கேக்கறாங்க."

சபையே சிரித்தது. மேயரும்தான், பாவம். "வாங்க, நானே தாண்டிப் பாக்கறேன்" என்று இறங்கினார். நடு ரோட்டில் ஒரு லாரி ஹார்ன் அடித்ததும் அவர் துள்ளிய துள்ளல்! டீச்சர்தான் முழங்கையைப் பிடித்து அக்கரை சேர்த்தார். பாஸ்டர் கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

மார்ச் 10, திங்கள்

பாஸ்டர் போனை எடுக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

கடைக்கு வந்தார். பாஸ்டருக்குக் கண்ணாடி லூசாக இருக்கிறதாம். ஸ்குரூவை முடுக்கிக் கொடுத்தேன். அது முன்பே நன்றாகத்தான் இருந்தது.

"பெரிய மனுஷன் நம்மளைத் தேடி வந்துட்டாருன்னு ஒரே பெருமைம்மா" என்றார். "அவருக்குச் சங்கடம் வரக் கூடாதுன்னு பாத்தேன். டீச்சர் எப்படித் தாண்டுவாங்கன்னு பாக்கல."

"முடியாதுன்னு சனிக்கிழமையே உங்ககிட்ட சொல்லியிருக்கணும் பாஸ்டர்."

"சொல்லியிருந்தா கத்தியிருப்பேன்" என்றார். இருவரும் சிரித்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மார்ச் 30, ஞாயிறு

சிக்னல் கம்பம் வந்துவிட்டது, விளக்கு வரவில்லை. ஞாபகப்படுத்த மேயர் ஆபீசுக்கு நாளை போகிறோம் — டீச்சர், நான், கூடவே பாஸ்டர். அவரே வருகிறேன் என்றார்.

இன்று தலைவர்களுக்காக ஜெபிக்கும் நேரத்தில் டீச்சரை முன்னால் அழைத்தார். டீச்சர் கண்ணை மூடாமல் கையால் ஜெபித்தார். நான் குரல் கொடுத்தேன்: "ஆண்டவரே, எங்க மேயருக்கு நல்ல சுகம் கொடும். நல்ல ஞாபகசக்தியும் கொடும்."

முதல் ஆமென் பாஸ்டருடையது.