கெளம்பு என்ற சிவப்பு வரி

இன்று காலை ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு லிங்க் அனுப்பினாள். "டெஸ்ட் எல்லாம் உள்ளேயே இருக்குதுக்கா, ஓட்டிப் பாருங்க" என்றாள். அழுத்தினேன். அவள் எழுதிய புரோகிராமும் அதைச் சோதிக்கும் வரிகளும் பிரவுசரிலேயே ஓடின. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

2005. படிப்பை முடித்துவிட்டு இரண்டு பேரும் வேலை தேடிக்கொண்டிருந்தோம். நான் பிரம்மதேசத்திலிருந்து வருவேன், நீ கூனிமேட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து. மரக்காணம் பிரவுசிங் சென்டரில் சந்திப்போம். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும் புரோகிராமை நான் எழுதினேன். அதைச் சோதிக்க நீ சொற்களைச் சேர்த்தாய். சரியாக மாறினால் பச்சை, தப்பானால் சிவப்பு. அந்தப் பக்கத்தை இலவச தளம் ஒன்றில் ஏற்றிவிட்டாய். யார் திறந்தாலும் அவர்கள் கண்முன்னால் சோதனை ஓடும். மலேசியாவிலிருந்து ஒருவர்கூட புதுச் சொற்கள் அனுப்பினார்.

ஒரே ஒரு வரி மட்டும் கடைசிவரை சிவப்பு. பழைய எழுத்துருவில் 'கௌ'வுக்கும் 'கெள'வுக்கும் அடிப்பது ஒரே மூன்று எழுத்து: ஒற்றைக்கொம்பு, க, ள. 'கௌரி' சரியாக வந்தால் 'கெளம்பு', 'கௌம்பு' ஆகிவிடும்.

"அது பேச்சுல மட்டும் வர்ற வார்த்தைடி. எவன் எழுதப்போறான்? எடுத்துடு" என்றேன்.

"ஏன், நாம பேசறது தமிழ் இல்லியா?" என்றாய். எடுக்கவில்லை.

சென்னை இன்டர்வியூவுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். பெரிய மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நீ அந்தப் பக்கத்தைத் திறந்து ஓடவிட்டாய். நடுவிலிருந்தவர் திரையைத் தொட்டுக் காட்டினார்.

"ஒண்ணு ஃபெயில் ஆகுதேம்மா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாய்.

"ஆமாங்க சார். அது இன்னும் எங்களுக்கு வரலை."

"எடுத்துட்டுக் காட்டியிருக்கலாமே?"

"எடுத்துட்டா உங்களுக்குத் தெரியாதுங்க. கொஞ்ச நாள்ல எங்களுக்கும் மறந்துடும்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, 'ள'வை எப்படிப் பிரிக்கலாம் என்று உன்னோடு அரை மணி நேரம் பேசினார். உனக்கு அங்கேயே வேலை கிடைத்தது. எனக்கு அடுத்த வருஷம் வேறிடத்தில். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உனக்குத்தான் என்று சண்டை போட்டு உட்கார்ந்தாய். மரக்காணம் உப்பளத்தின் உப்புக் குவியல்கள் தெரிய ஆரம்பித்ததும், "பயந்துட்டியா?" என்று கேட்டாய். பயந்தேன் என்றேன். "நானுந்தான்" என்றாய்.

நோய் உன்னைக் கொண்டுபோன பிறகும் நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். இப்போது கஸ்டமர்களிடம் பேசுவது நான்தான். எங்கள் புரோகிராம் எதைச் செய்யாது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைக் காட்டுகிறேன். "இப்படிச் சொன்னா எவன் வாங்குவான்?" என்று மேனேஜர் முதலில் முகம் சுளித்தார்.

வாங்குகிறார்கள்டி.