பூங்கா பெஞ்சில் என்ன உறவு என்று கேட்டது

அனுப்புநர்:
வை. சௌந்தரம் (வயது 54),
த/பெ. வைத்திலிங்கம்,
தையல் கடை, சிதம்பரம்.

பெறுநர்:
நிர்வாக அலுவலர் அவர்கள்,
கெடிலம் ஆற்றங்கரைப் பூங்கா,
கடலூர்.

பொருள்: 05.10.2025 ஞாயிறு மாலை எங்களை விசாரித்துப் பூங்காவிலிருந்து வெளியேற்றியது – நுழைவாயில் அறிவிப்புப் பலகையை அகற்றக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

1. என் கணவர் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இம்மனுவில் வரும் திரு. பழனிவேல் (58) முதுநகரில் படகு இன்ஜின் பழுதுபார்ப்பவர்; அவரும் துணைவியை இழந்தவர். தம் மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க என் கடைக்கு வந்தபோது பழக்கமானார். என்னைத் திருமணம் செய்துகொள்ள விரும்புவதாக ஆறு மாதம் முன்பு சொன்னார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

2. "ஒரு தடவ நேர்ல உக்காந்து பேசிட்டு வாம்மா, நான் பஸ் ஏத்தி உடுறேன்" என்று என் மகள் கனிமொழிதான் அனுப்பி வைத்தாள்.

3. தங்கள் பூங்காவைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று, நடுவில் இரண்டு முறை ஐஸ்கிரீம் சாப்பிட்டது உட்பட. தண்ணீரை ஒட்டிய பெஞ்சில் அமர்ந்தோம். திரு. பழனிவேல் கண்ணை மூடிக்கொண்டு, வரும் படகுகளின் சத்தத்தை வைத்தே எந்த இன்ஜினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அது விதிமீறல் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

4. மாலை சுமார் ஐந்தே காலுக்கு விசில் சத்தம் கேட்டது. பக்கத்து பெஞ்சில் இருந்த இளம் ஜோடி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் எழுந்து போனார்கள். காவலாளி எங்களிடம் வந்து, "ஜோடியா உக்காரக் கூடாது, வாசல்ல போர்டு இருக்கு பாக்கலியா? நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?" என்று கேட்டார். சுற்றிலும் இருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். திரு. பழனிவேல் எனக்கு அவமானம் நேரக் கூடாதென்று, "மன்னிச்சுக்குங்க தம்பி, போயிடுறோம்" என்று எழுந்துவிட்டார்.

5. அவர் மன்னிப்புக் கேட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஒக்காருங்க" என்றேன். பிறகு காவலாளியிடம், "ஜோடிதாம்ப்பா. நான் இவர கட்டிக்கப் போறேன்" என்றேன். இது திரு. பழனிவேலுக்கும் அப்போதுதான் தெரியும். எனக்கும் அப்போதுதான் தெரியும்.

6. "நெசமாவா சொல்றீங்க?" என்று அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஆமாம் என்றேன். பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு பெண் எங்கள் இருவர் கையிலும் முறுக்கை வைத்து, "இனிப்பு இல்லக்கா, இதயே வச்சுக்குங்க" என்றார். காவலாளி சற்று யோசித்துவிட்டு, "அப்ப கட்டிக்கிட்டே வாங்கம்மா" என்று எங்களை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். பூங்கா மூட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

7. அந்தக் காவலாளி மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். சொன்னதைச் செய்தார். வாசலில் கல்யாணத் தேதி என்றைக்கு என்றும் விசாரித்தார். குற்றம் "மணமாகாத ஜோடிகளுக்கு அனுமதி இல்லை" என்ற பலகையுடையது. எனக்கு ஐம்பத்து நான்கு வயது, பதில் சொல்லிவிட்டேன். செருப்பை மாட்டாமல் ஓடிய அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஆற்றைப் பார்க்க வந்தவள் எதற்காகப் பயந்து ஓட வேண்டும்?

8. ஆகவே அப்பலகையை அகற்றி, வருகிறவர்களிடம் உறவு விசாரிக்க வேண்டாமென்று காவலாளிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் திருமணம் வரும் 30.10.2025 வியாழன் காலை திருவதிகைக் கோயிலில். அன்று மாலையே, மழை பிடித்தாலும் குடையோடு, அதே பெஞ்சுக்கு வருகிறோம். அதற்குள் பலகையை எடுத்துவிட்டால், தாங்கள் எங்களுக்குச் செய்த முதல் கல்யாணச் சீர் அதுவாக இருக்கும்.

இடம்: சிதம்பரம்
நாள்: 07.10.2025

தங்கள் நல்ல பதிலை எதிர்நோக்கும்,
வை. சௌந்தரம்
(ஒப்பம்)