அம்மா சொன்னதாக நான் எழுதியவை

மேகமலை,
18.2.1973

என் அன்பு மகள் ஜெபமணிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இதை முதல் வரியில் எழுதாவிட்டால் நீ மீதியைப் படிக்காமலே மாப்பிள்ளையைத் தந்தி ஆபீசுக்கு விரட்டுவாய் என்று எனக்குத் தெரியும்.

உன் பிரசவம் பார்த்துவிட்டு உன் அம்மா இங்கே வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. சின்னமனூரிலிருந்து ஏறும்போது ஒச்சாண்டி ஓட்டும் எஸ்டேட் லாரி இரண்டு வளைவில் படுத்துக்கொண்டதாம். வந்ததும் வராததுமாகப் பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "ஒங்க மூக்கு அப்படியே இருக்கு" என்றாள். அந்தப் பிள்ளைக்காக அன்றே முழங்கால் போட்டு ஜெபித்தேன். வளர வளர மாறிவிடும் என்று நம் சபை உபதேசியார் ஆறுதல் சொல்கிறார்.

மறுநாள் காலை ஏழு மணிச் சங்குக்கு அம்மா பிள்ளைக் காப்பகத்துக்குப் போய்விட்டாள். அவள் இல்லாத இருபது நாளும், தேயிலைக் கொழுந்து கிள்ளப் போன தாய்மார் விட்டுப்போன நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து, பதிலுக்கு வைத்திருந்த ஆயாவை அழ வைத்திருக்கின்றன. அம்மா வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாளாம், அத்தனையும் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. என்னையும் அப்படித்தான் முப்பத்தோரு வருஷமாக உட்கார வைத்திருக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மே 31 எனக்கு வேலையில் கடைசி நாள். அம்மாவையும் அன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஜூன் ஐந்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது? சின்னமனூரில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, வயலைப் பார்த்த வீடு என்கிறான் ஒச்சாண்டி. ஆனால் உனக்கு ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, பிள்ளையை யார் வைத்துக்கொள்வது? ஆகவே நான் ஒரே மூச்சில் முடிவு செய்துவிட்டேன். தூத்துக்குடிக்கே வந்துவிடுகிறோம். அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள், நான் கடலைப் பார்த்துக்கொள்வேன். வேலை சரிபாதியாகப் பிரிந்துவிட்டது.

அம்மா சொன்னதாக எழுதுவது: "பேத்தியை வளர்ப்பதைவிட எனக்கு இனி வேறு என்ன பாக்கியம்!"

இப்படிக்கு உன் அப்பா,
அ. அய்யாத்துரை,
ஸ்டோர் கிளார்க், இன்னும் மூன்று மாதத்துக்கு.


தூத்துக்குடி,
6.3.1973

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் இங்கே வருவதாக எழுதிய வரியை நானும் இவரும் மூன்று தடவை வாசித்தோம். இவர் உப்புக் கம்பெனிக்குப் போகும் வழியிலேயே வீடு தேட ஆரம்பித்துவிட்டார். கடற்கரை ரோட்டுக்குப் பின் தெருவில் ஒன்று கிடைத்திருக்கிறது. இரண்டு அறை, சின்ன சமையல்கட்டு. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்புதான். குடிக்கக் குழாயில் காலையில் ஒரு மணி நேரம் நல்ல தண்ணீர் வரும். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடுகிற தூரம். மே 15க்குள் பதில் சொன்னால் போதும் என்று வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார்.

பள்ளிக்கூடம் ஜூன் 11 திறக்கிறது. அன்றைக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்கள். உங்கள் கடிதம் வரும்வரை எனக்குத் தூக்கமில்லை.

ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது. ஊருக்குப் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டில் அம்மா பிள்ளை கிருபாவை என் கையில் கொடுத்துவிட்டு, தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே நின்றாள். என்னம்மா என்றேன். ஒண்ணுமில்ல என்றாள். அம்மாவுக்கு இங்கே வர மனசுதானே? இந்தக் கடிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் மகள்,
ஜெபமணி


மேகமலை,
9.4.1973

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று எழுதலாம், ஆனால் உர மூட்டையின் மேல் உட்கார்ந்து கொட்டாவி விடுவதற்கு வேலை என்று பெயர் வைத்தால் நீ சிரிப்பாய்.

போன சனிக்கிழமை மளிகை வாங்கச் சின்னமனூர் இறங்கினோம். ஒச்சாண்டி விடவில்லை. "அண்ணே, வீட்டச் சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க, பாத்தா என்ன பல்லா விழுந்திரும்?" என்று இழுத்துக்கொண்டு போனான். ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒரு முருங்கை மரம். அதற்கு அப்புறம் நெல் வயல், வாய்க்கால். அவ்வளவுதான் வீடு. நான் ஓட்டைத் தட்டிப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, தெரிந்தவன் மாதிரி தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். உன் அம்மா வரவில்லை. கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். நானும் ஒச்சாண்டியும் வெயிலில் திருடர்கள் மாதிரி நிற்கிறோம். நாலைந்து நிமிஷம் கழித்துத் திறந்தாள்.

"உள்ள என்ன செஞ்ச?"

"நின்னேன்."

"நின்னு?"

"நின்னேன். ஒரு சத்தமும் கேக்கல."

பொம்பளைகள் வீடு பார்க்கிற முறையே வேறு போலிருக்கிறது.

அது நிற்க. எனக்குத் தூத்துக்குடி விஷயத்தில் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. நான் மேகத்துக்குள்ளே கம்பளி போர்த்தி வாழ்ந்தவன். அங்கே வந்தால் வேர்வையிலேயே கரைந்து, ஒரு நாள் மாப்பிள்ளை என்னைக் கம்பெனி உப்போடு சேர்த்து அள்ளிவிடுவார். உவர்த் தண்ணீரில் குளித்தால் என் தலையில் இருக்கிற பதினேழு முடியும் போய்விடும். மீன் முள் எடுக்கத் தெரியாது. கடலும் பெரியாறு தண்ணீர் மாதிரி ஒரு பக்கமாகப் போகாமல் வந்து வந்து போவதால் எனக்குத் தலை சுற்றும். ஆகவே ஜூனில் உன் பிள்ளைக்கு ஒரு நல்ல ஆயா பார்த்தால் என்ன?

அம்மா சொன்னதாக எழுதுவது: "அப்பா உடம்புக்குக் கடல் காற்று ஆகாது."

உன் அப்பா,
அய்யாத்துரை


தூத்துக்குடி,
20.4.1973

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். அப்புறம் மடித்து வைத்துவிட்டு அழுதேன். வருகிறோம் என்று எழுதியதும் நீங்கள், வரவில்லை என்று எழுதுவதும் நீங்கள். நடுவில் பதினேழு முடி.

நான் ஆயா தேடாமல் இல்லை. ஒரு அம்மா வந்தாள், இரண்டாம் நாள் பிள்ளையைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு மனம் துணியவில்லை. மே 15க்குள் வழி இல்லை என்றால் ராஜினாமா எழுதிக் கொடுப்பேன். டிரெயினிங் முடித்து ஏழு வருஷம் ஆகிறது. எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது அப்பா. ஒரு வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நின்றால்தான் நான் ஆளாக இருக்கிறேன்.

நீங்கள் எப்போதும் உங்கள் சுகத்தைத்தான் பார்க்கிறீர்கள். எழுதிவிட்டேன், இந்த வரியை அடித்துத் திருத்தப் போவதில்லை.

அம்மா என்ன சொல்கிறாள்? எனக்கு அது வேண்டும். "அம்மா சொன்னதாக" என்று நீங்கள் எழுதுகிற எதுவும் அம்மா பேசுகிற மாதிரி இல்லை. அம்மா "பாக்கியம்" என்று ஒரு நாளும் பேசியதில்லை, அவள் பேரே ஞானபாக்கியமாக இருந்தும்.

ஜெபமணி


மேகமலை,
6.5.1973

என் மகளே,

நாங்கள் சுகம். நான் மட்டும் கொஞ்சம் உடைந்த மண்வெட்டி மாதிரி இருக்கிறேன். எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான், அப்படியும் புரியாத ஒன்றை உன் அம்மா போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புரிய வைத்துவிட்டாள்.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்தேன். எப்போதும் போலத்தான் வாசித்தேன். அதாவது, அவள் வருத்தப்படுகிற வரியை விட்டுவிட்டு வாசித்தேன். முடித்ததும் அம்மா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கம் எழுதியிருக்கா. நீங்க அரப் பக்கந்தான் வாசிச்சீக."

எழுத்துத் தெரியாதவளுக்குக் கணக்குத் தெரியாது என்று எவன் சொன்னான்! கடிதத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் ஞானசிகாமணியிடம் நீட்டி, "ஒரு எழுத்து விடாம வாசிங்க" என்றாள். அவர் பிரசங்கக் குரலில் வாசித்தார். என் பதினேழு முடி சபைக்கே தெரிந்துவிட்டது. பிறகு உன் முந்தின கடிதத்தையும் கொண்டுவரச் சொன்னாள். "ஏம்மகளுக்கு நான் என்ன சொன்னதா இவுக எழுதுனாகன்னும் எனக்குத் தெரியணும்" என்றாள். என் வாயாலேயே சொல்ல வைத்தார்கள்.

உண்மை இதுதான். தூத்துக்குடி வருவதாக நான் எழுதியபோது உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேத்தி பிறந்த சந்தோஷத்தில் நானே கேள்வி கேட்டு, நானே அவளாக இருந்து பதிலும் சொல்லிக்கொண்டேன். சின்னமனூர் வீட்டைப் பார்த்துவிட்டு லாரியில் திரும்பும்போதுதான் சொன்னேன். அஞ்சாவது வளைவில், "ஏங்கிட்ட கேட்டீகளா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் எனக்கு வேர்வையும் மீன் முள்ளும் வந்தது. நீ என்னைத் திட்டினால் பரவாயில்லை, அவளை ஒரு வார்த்தை நினைத்துவிடக் கூடாது என்று பார்த்தேன். அதிலும் அவளைக் கேட்கவில்லை பார்.

கீழே உள்ளது அம்மா சொல்வது. பக்கத்தில் உபதேசியார் காவல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சொல்லும் என்னுடையது இல்லை.

"ஆத்தா ஜெபமணி. பேத்தி மேல ஆசை இல்லாம இல்ல. வருவேன், பத்து நாள் இருப்பேன், குளிப்பாட்டி விடுவேன். ஆனா என்னால பிள்ள வளக்க முடியாது. இருவத்தேழு வருசமா தினமும் நாப்பது பிள்ள. தூக்குறது, கழுவுறது, ஊட்டுறது. ஒண்ணு உறங்குனா ஒண்ணு அழும். இப்ப ஒரு பிள்ளயத் தூக்குனா ஏங்கைக்கு அது யாரு பிள்ளன்னு தெரிய மாட்டேங்குது. ஒம்மகளத் தூக்கும்போதும் தெரியல. அன்னைக்குப் பஸ் ஸ்டாண்டுல அதத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். நீ சின்னதுல அந்த நாப்பதுல ஒண்ணா வரிசைல ஒக்காந்திருந்த. ஒன்னத் தனியாத் தூக்குனா மத்த பிள்ளைக அழும்னு ஒன்னத் தூக்காம விட்டேன். அது ஏம்மனசுல கெடக்கு. அதுக்காக இப்ப வந்து ஒம்மகளத் தூக்குனா அந்தக் கடன் தீராது. எனக்குச் சின்னமனூர் வீடு போதும். நீ வேலய விடாத. விட்டா நான் ஒன்கூடப் பேச மாட்டேன்."

இத்தோடு நிறுத்துவாள் என்று பார்த்தேன். என் பக்கம் திரும்பினாள்.

"கடலப் பாத்துக்கிருவேன்னு எழுதுனாகல்ல? இவுகளையே அனுப்பி வைக்கேன். பிள்ளயப் பாத்துக்கிரட்டும்."

உபதேசியார் சிரித்த சிரிப்பில் ஆலயத்து வாசலில் இருந்த நாய் எழுந்து போய்விட்டது. நான் சிரிக்கவில்லை, ஜெபமணி. நான் உன்னையும் தூக்கினவன் இல்லை. ஸ்டோர் பூட்டி வீட்டுக்கு வரும்போது நீ தூங்கியிருப்பாய். அறுபது வயதில் ஒருவன் புதிதாக வேலை கற்றுக்கொள்ள முடியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ சம்மதித்தால் வருகிறேன். சம்மதிக்காவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

உன் அப்பா


தூத்துக்குடி,
12.5.1973

அன்புள்ள அம்மாவுக்கு,

உபதேசியார் ஐயா, ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டுங்கள்.

எனக்கு இரண்டு நாள் கோபம் இருந்தது அம்மா. முழுக்கப் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். நம் வீட்டில் அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். ஆனால் நீ என்னைத் தூக்காததற்குக் காரணம் என்னிடம் ஏதோ குறை என்று நான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். மற்ற பிள்ளைகள் அழும் என்பதற்காக என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இருபத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன். நேற்று கிருபாவைத் தேவைக்கு மேலேயே தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னமனூர் வீட்டையே எடுத்துக்கொள் அம்மா. கடற்கரைத் தெரு வீட்டை வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அப்பா எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் நாங்கள் அவரைத் திருப்பி அனுப்புவோம், நாங்களும் வருவோம்.

அப்பாவுக்கு: ஜூன் 10 மாலைக்குள் வேலையில் சேர வேண்டும். புகையிலை கூடாது. கிருபா அழும்போது வேடிக்கை சொல்லிப் பயனில்லை, அவளுக்கு இன்னும் தமிழ் தெரியாது.

ஜெபமணி


சின்னமனூர்,
8.6.1973

என் அன்பு மகளுக்கு,

இது புது வீட்டிலிருந்து எழுதும் முதல் கடிதம், நான் புறப்படுவதற்கு முன் எழுதும் கடைசிக் கடிதமும்கூட. நான் வருவதற்கு முன் இது வந்தால் பஸ்ஸைத் திட்டு, பின்னால் வந்தால் தபால்காரரைத் திட்டு.

மூன்று நாளாக எனக்குப் பயிற்சி நடக்கிறது. தலையணைக்குத் துண்டைச் சுற்றி, அதுதான் பிள்ளை என்று கையில் கொடுத்தாள் அம்மா. கழுத்தைத் தாங்கவில்லை என்று முதல் நாள் நாலு தடவை குட்டு வாங்கினேன். இரண்டாம் நாள் தலையணையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒச்சாண்டி வந்துவிட்டான். "என்னண்ணே, மெத்தைக்கு ஏப்பம் வரலையோ?" என்றான். அவனுக்கும் பேரன் பிறக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன். நேற்று அம்மா ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் பாஸ் என்று எடுத்துக்கொண்டேன்.

இவளுக்குக் கடிதம் எழுத அடுத்த வீட்டு சோணையம்மாள் இருக்கிறாள். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். "அவளுக்கு வேடிக்கையா எழுத வராது, அதனால நான் சொன்னது சொன்னபடி போகும்" என்கிறாள் உன் அம்மா. உன் விலாசம் எழுதிய பன்னிரண்டு கார்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். அவள் என்னைப் பற்றி ஏதாவது எழுதினால் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டு.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று காலை அஞ்சு மணிக்கு எப்போதும் போல் நான் விழித்துவிட்டேன். இவள் எழுந்திருக்கவில்லை. ஆறு ஆயிற்று. ஏழு ஆயிற்று. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மூக்குக்குக் கிட்டே விரலைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மூச்சு வந்தது. ஏழரைக்குக் கண்ணைத் திறந்து, "என்னத்துக்கு மூஞ்சிகிட்ட கைய ஆட்டுறீக?" என்றாள். கட்டிய இத்தனை வருஷத்தில், அவள் தூங்கும் முகத்தை வெளிச்சத்தில் நான் பார்த்தது நேற்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எனக்குப் பஸ். எழுப்பிச் சொல்லிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். போற வழியில பால்காரர்ட்ட எட்டு மணிக்கு மேல வந்தாப் போதும்னு சொல்லிட்டுப் போங்க."

சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

உன் அப்பா,
அய்யாத்துரை