அக்காவின் ஆய்வு

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

படிப்பு விடுப்பில் கடல் தாண்டிப் போனதும் தங்கையை மறந்தாயிற்றா? பாடம் நடத்தும் முறை பற்றிய உன் ஆய்வுக்காக என் வகுப்பில் எல்லாரையும் பேட்டி எடுத்துவிட்டேன். முதலில் தயங்கினார்கள். "உங்க அக்கா இங்க லெக்சரர் ஆச்சே, போட்டுக் குடுத்துருவாங்க." யார் பேசியது என்று வெளியே வராது, நான் பொறுப்பு என்று சத்தியம் செய்தேன். ஒட்டகம், அதுதான் நம் வீட்டுக்கு வருவாளே அந்த நெட்டைக்காரி, அழுதேவிட்டாள். "துறைத்தலைவர்கிட்ட ஒரு சந்தேகம் கேட்டேன். இதெல்லாம் எதுக்குப் படிக்க வருதுன்னு சிரிச்சார். அப்புறம் நான் கையே தூக்கறதில்லடி."

கட்டுரையில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர்! அம்மாவிடம் இப்போதே பீற்றிக்கொண்டாயிற்று.

உன் வாயாடி

மே 19

செல்லக்குட்டிக்கு,

கட்டுரை வெளியாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, இளங்கலை மாணவர் பெயர் போட்டால் மதிப்பிருக்காது என்றார் துறைத்தலைவர். அவர் பெயரைச் சேர்த்திருக்கிறேன். என் பதவி உயர்வு அவர் கையில்தானே? பேட்டிப் பதிவுகளைக் கேட்டார், அனுப்பினேன். அவருக்கும் திருந்த ஒரு வாய்ப்பு. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 8

அக்கா,

அவர் திருந்திய அழகைக் கேள். நிறைந்த வகுப்பில் ஒட்டகத்தை எழுப்பி, "கையே தூக்க மாட்டீங்களாமே, தூக்குங்க பாக்கலாம்" என்றார். தூக்கினாள். மணி அடிக்கும்வரை இறக்க விடவில்லை. அன்றோடு படிப்பை விட்டுவிட்டாள்.

விடுதியில் ஒவ்வொரு அறையாகப் போய்க் கதவைத் தட்டினேன். பேட்டி கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது விதி. அத்தனை பேரும் விலகிவிட்டோம். நீ ரகசியம் காக்கவில்லை என்று ஆய்விதழுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எழுதியாயிற்று. உன் கட்டுரையில் இனி உங்கள் இருவர் பெயர்தான் மிஞ்சும். நன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை

ஆகஸ்ட் 2

தங்கச்சி,

கட்டுரையை நீக்கிவிட்டார்கள். அவர் தலைமையும் போயிற்று, என் பதவி உயர்வும் போயிற்று. கூடப் பிறந்தவளுக்கே குழி பறித்தாயே! என்னிடம் ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்கக் கூடாதா? அம்மா போனில் அழுகிறாள். அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். விலாசம் மட்டும் அனுப்பு.

அக்கா

ஆகஸ்ட் 20

மதிப்பிற்குரிய விரிவுரையாளர் அவர்களுக்கு,

விலாசம் தருவதற்கில்லை. நானே அவளைத் தேடிப் போனேன். ஒரு துணிக்கடையில் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். "அவரை இறக்கியாச்சுடி, வா" என்றேன்.

"சந்தோஷம். அக்கா தங்கச்சி கணக்கைத் தீர்த்துக்கிட்டீங்க. எனக்கு வேலை கெடக்கு" என்று அடுத்த சட்டையை எடுத்தாள்.

அதனால் என் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுத்த பருவம் எங்களுக்குப் பாடம் எடுக்க வருகிறீர்களாம். நான் முன்வரிசையில்தான் உட்காருவேன். நடத்தி முடித்து, "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்பீர்கள்.

ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். பேசி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி