அண்ணன் ரத்தத்துக்கு நல்ல பாட்டில்

என் மேல் இருந்த வருத்தம் தீராமலே போய்விட்ட என் அருமை அண்ணா,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. அண்ணியும் பிள்ளைகளும் கருவேப்பிலங்குறிச்சியில் அவளுடைய அப்பா வீட்டில் இருக்கிறார்கள். மிசா காலம் முடிந்து கம்பெனித் தொழிலாளர் சங்கத்தில் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போடுகிறார்கள். இதையெல்லாம் முதலில் எழுதுவது, எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான். என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா?

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால்காரர் வந்தால் பாலைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்க்கிறவள் நான். "ஒன்ன போலீசுல சேத்துருக்கணும் அஞ்சலை, தெரியாம லேப்புல வுட்டுட்டாங்க" என்று நீ சிரிப்பாய். அந்தக் குணம்தான் நம் இரண்டு பேரையும் பிரித்தது.

பன்னிரண்டு வருஷம் பீங்கான் கம்பெனிச் சூளையில் சரக்கு அடுக்கினாய். கடைசியில் யாராவது கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினாய். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி டாக்டர்தான் முதலில் சொன்னார். "களிமண்ணு வேவுற பொகையிலயும், அந்தக் கம்பெனி போர் தண்ணியிலயும் புளோரைடு இருக்கும்னு நெனைக்கிறேன். அது எலும்புல போயி ஒக்காந்துக்கும். ரத்தத்த மெட்ராசுக்கு அனுப்பிப் பாப்போம்" என்றார். நீயும், உன்னோடு சூளையில் நின்ற இரண்டு பேரும் வந்தீர்கள். மூன்று பேருக்கும் நான்தான் ஊசி போட்டு ரத்தம் எடுத்தேன்.

மெட்ராசிலிருந்து ரிப்போர்ட் தாள் வந்தது. மற்ற இருவருக்கும் இருக்க வேண்டியதைவிடக் கூடுதல். உனக்கோ, உயிரோடு இருக்கும் ஒரு மனுஷன் ரத்தத்தில் இருக்கவே முடியாத அளவு. சங்கம் கொண்டுபோய்க் கொடுத்த அந்தத் தாளைக் கம்பெனி மானேஜர் எல்லாருக்கும் முன்னால் தூக்கிக் காட்டி, "சூள வேலைக்குப் பயந்துக்கிட்டு என்னத்தையோ தின்னுட்டு வந்து ரத்தம் குடுத்துருக்கான். இவன் பொய்யின்னா மத்த ரெண்டும் பொய்தான்" என்றார். நல்ல தண்ணீர் வேண்டும், புகைபோக்கியை உயர்த்த வேண்டும், முதுகு பிடித்தவர்களை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்று சங்கம் கேட்டதெல்லாம் அன்றைக்கே அடிபட்டுப் போனது. உனக்குப் பித்தலாட்டக்காரன் என்று பேர் மிஞ்சியது.

நான் சும்மா இருப்பேனா? ரத்தம் எடுத்த அன்று காலையில் பல்வலி என்று லேப் வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்த கம்பெனி மேஸ்திரியைச் சந்தேகப்பட்டேன். பார்சலை ரயிலில் கொண்டுபோன ஆளைச் சந்தேகப்பட்டேன். மெட்ராஸ்காரர்களையே யாரோ கைக்குள் போட்டுக்கொண்டார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தபோது கடைசியில் நீ நின்றாய்.

என் வீட்டில் நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அண்ணா, எங்கிட்ட மட்டும் சொல்லு. எதையாவது தின்னியா?"

தட்டில் கை அப்படியே நின்றது. "நீ இப்புடிக் கேப்பன்னு நெனைக்கல" என்றாய். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாய். அந்தப் பொங்கலுக்கு வரிசை கொண்டு வந்தவன் வாசலிலேயே வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினாய். அதற்குப் பிறகு காமாலையில் படுத்தாய். நான் ஓடி வந்தபோது உனக்கு ஆள் தெரியவில்லை.

இப்போது கேள் அண்ணா. எங்கள் லேபில் சர்க்கரைப் பரிசோதனைக்குத் தனிப் பாட்டில் உண்டு. ரத்தத்தில் உள்ள சர்க்கரை குறைந்துவிடாமல் இருக்க, அதன் அடியில் ஒரு பொடியைக் கரைத்து ஊற்றிக் காயவைத்திருப்போம். சர்க்கரைப் பொடி என்றுதான் சொல்வோம். பெரியவர் ஒருவர்தான் அதைக் கலந்து தருவார். போன வாரம் அவர் லீவு. கடையிலிருந்து அந்தப் பொடி புதுப் புட்டியில் வந்தது. அதில் ஒட்டியிருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தேன். சோடியம் புளோரைடு.

உங்களுக்கு ரத்தம் எடுத்த நாளை நினைத்துப் பார்த்தேன். அன்று மற்ற இருவருக்கும், வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பழைய பெனிசிலின் பாட்டில்களை எடுத்தேன். உன் முறை வந்தபோது மிச்சம் இருந்த பாட்டிலின் வாய் உடைந்திருந்தது. என் அண்ணன் ரத்தமாயிற்றே என்று மேல் தட்டில் இருந்த சர்க்கரைப் பாட்டில்களில் நல்லதாக ஒன்றை எடுத்தேன். மூடிகூடப் புதிது. உள்ளே கொஞ்சம் பொடி இருந்தால் என்ன, ரத்தம் கெடாமல்தானே இருக்கும் என்று நினைத்தேன். உன் ரத்தத்தில் அந்த விஷத்தைப் போட்டது நான்தான்.

டாக்டரிடம் சொன்னேன். "ஆளே போயிட்டாரும்மா. இப்ப இத வெளியில சொன்னா ஒன் வேலையும் போவும், என் பேரும் போவும். விட்டுரு" என்றார். நல்லவர்தான். ஆனால் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதையும் கவனித்தேன்.

எப்படி விடுவது? உன்னோடு வந்த இருவரும் இன்னமும் அதே சூளையில்தான் நிற்கிறார்கள். ஒருவர் தரையில் கிடக்கும் துண்டைக் குனிந்து எடுக்க மனைவியைக் கூப்பிடுகிறார். அவர்கள் தாளில் இருந்தது பொய்யில்லை. என் பாட்டிலால் அது பொய்யாகிப் போனது.

உன் ரத்தத்தில் நிஜமாக என்ன இருந்திருக்கும்? இனிமேல் அது யாருக்கும் தெரியாது. உன்னை முடக்கியது புளோரைடுதானா, வேறு ஏதாவதா என்று காட்ட இருந்த ஒரே ரத்தத்தை நான் கெடுத்துவிட்டேன். இதை எழுதும்போது என் கையைப் பார்த்தாலே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை நானே எழுந்து படிக்கப் போகிறேன். அண்ணன் பேரைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள் என்று சிலர் என்னையே சந்தேகப்படுவார்கள். படட்டும். வேலை போனால் போகட்டும். அந்த இருவருக்கும் மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பேன். நீ எதையும் தின்னவில்லை என்று மானேஜர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

கேட்கக் கூடாததை உன்னிடம் கேட்ட
உன் தங்கச்சி
அஞ்சலை